பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

எங்கள் மூத்தவாப்பா, வாப்பாவின் தகப்பன் ஆதம்பாவா, வெள்ளைக்காரனிடம் வீரப் பதக்கம் வாங்கியவர் என்பது காத்தான்குடியில் வயது போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். எதற்காக வாங்கினார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை. யப்பான்காரனின் விமானத்தைத் துவக்கால் சுட்டு விழுத்தினார் என்பார் ஒருவர். மூழ்கிய கப்பலிலிருந்து பொற்காசுப் பெட்டியைத் தூக்கி வந்து துரையிடம் ஒப்படைத்தார் என்பார் இன்னொருவர். கடலில் விழுந்த வெள்ளைக்காரரைத் தோணியில் ஏற்றிக் கரைசேர்த்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. இதில் எது மெய் என்று ஐம்பது வயதுவரை நான் தேடியதில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிறவனுக்கு யப்பான்காரனோடு என்ன கொடுக்கல் வாங்கல்?

தேட வைத்தது வாப்பாவின் எலும்பு.

என் வாப்பா பாறூக், தொண்ணூறாம் ஆண்டு யூலையில் கல்முனையிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார். வழியில் ஆயுதக்காரர் மறித்து, வேனில் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள். கடற்கரைப் பக்கம் கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர் இல்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. அதன்பிறகு எத்தனையோ அரசாங்கம் மாறிவிட்டது, எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்கள். மணலைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. போன வருஷம்தான் அந்த இடத்தைத் தோண்டலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

காணாமல் போனவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு விசாரித்த வைத்தியர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். உங்கள் இரத்தத்தை எடுத்து ஒப்பிடலாம்தான், ஆனால் இத்தனை வருஷம் உப்பு மணலில் ஒன்றுமேல் ஒன்றாகக் கிடந்த எலும்பில் ஒப்பிட ஏதும் மிஞ்சியிருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன் என்றார். உடம்போடு போன சாமான் ஏதாவது உண்டா என்று கேட்டார். உம்மா யோசிக்கவே இல்லை. பதக்கம் என்றார். மூத்தவாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து வாப்பா அதை இடுப்புப் பட்டியின் பைக்குள் வைத்துக்கொண்டுதான் திரிவார். குளிக்கப் போனாலும் கிணற்றுக்கட்டில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பட்டியை வைப்பார்.

வைத்தியர் அதோடு விடவில்லை. உலக யுத்தம் முடிந்தபோது ராசாவின் தலை போட்ட பதக்கம் கண்டவனுக்கெல்லாம் கொடுத்தார்கள், வேறொரு குடும்பமும் அப்படியொன்றைச் சொல்லியிருக்கிறது என்றார். வீரச் செயலுக்குக் கொடுத்ததென்றால் விளிம்பைச் சுற்றிப் பெயர் பொறித்திருக்கும். இன்ன பதக்கம், இன்ன செயலுக்காக இன்னாருக்குக் கொடுத்தது என்று காட்டுங்கள். அது கிடக்கிற இடத்தில் கிடப்பவர் உங்கள் வாப்பா என்று நான் எழுதித் தருகிறேன் என்றார்.

உம்மா ஸஹீதா இன்னும் இத்தா இருக்கவில்லை. புருஷன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண்பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த வேனில் போன மற்றவர்களின் மனைவிமார் எப்போதோ இருந்து முடித்துவிட்டார்கள். சிலர் மறுகலியாணமும் செய்து பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். அவருடைய மையத்தை, உடம்பைக் கண்ணால் காணாமல் நான் எதற்கு இத்தா இருக்க என்று உம்மா ஒரே பிடியாக நின்றார். மௌலவிமார் வந்து சட்டம் சொல்லிக் களைத்தார்கள். தோண்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. தங்கச்சி ஸாதியாவின் வீட்டில்தான் அவர் இருக்கிறார். ஒருநாள் அங்கே போனபோது என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்:

“அவரு எந்த இடத்தில கிடக்காரு எண்டு மட்டும் காட்டு மகன். நான் இத்தா இரிக்கன். அதுக்குப் பொறகு எனக்கு ஒண்டும் வேணாம்.”

எழுபத்தெட்டு வயதில் ஒரு பெண் விதவையாவதற்கு மகனிடம் உதவி கேட்கிறாள். எந்த ஊரில் நடக்கும் இது?

கல்லடியில் உதயரூபன் என்றொரு தம்பி இருக்கிறான். நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட்டு அமிழ்த்திய வெள்ளைக்காரக் கப்பல் எங்கள் கடலுக்கடியில் இன்னும் கிடக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களை முக்குளிக்கக் கூட்டிப் போவது அவன் தொழில். கப்பலில் இருந்தவர்களின் பிள்ளைகள் பலர் அவனுக்குப் பழக்கம். மோட்டார் சைக்கிள் சாமான் வாங்க என் கடைக்கு வருவான். அவனிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் முஸ்லிம்கள், அவன் தமிழன். வேனை மறித்தவர்களும் தமிழர்கள். அந்த நேரம் அவன் பிறந்திருக்கவே இல்லை. இருந்தும் நான் சொல்லி முடித்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, கேட்டுத் தாறன் காக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவனுக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தகப்பன் அந்தக் கப்பலில் மாலுமியாக இருந்தவராம். வேலையை விட்டபிறகு பழைய பதக்கங்களைத் தேடித் திரிவதே அவருக்குப் பொழுதுபோக்கு. மூத்தவாப்பாவின் பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் உதயரூபன் அவருக்கு எழுதினான். மாதங்கள் போயின. இடையிடையே அவர் ஏதாவது கேட்பார், நான் உம்மாவிடம் கேட்டுச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கிடைச்சிட்டா மகன் என்று உம்மா கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துப்போனது.

ஒருநாள் லுஹர் தொழுகைக்காகக் கடையைப் பாதி இறக்கிய நேரம் உதயரூபன் வந்தான். கதிரையை இழுத்துப் போட்டு, கைபேசியைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். எங்கள் வீட்டுக் கதை மெய்தான். ஆனால் பாதிதான் மெய். கப்பல் அமிழ்ந்தபோது கடலில் எண்ணெய் பரந்து தீப்பிடித்திருந்தது. மற்றத் தோணிகள் ஒதுங்கி நிற்க, மூத்தவாப்பா உள்ளே போய் ஒரு தோணி நிறைய ஆட்களைக் கொண்டுவந்தார். திரும்பவும் போய்க் கொண்டுவந்தார். பதக்கம் அதற்கல்ல. கரையில் கிடந்த ஒரு மாலுமி கடலைக் காட்டிக் காட்டி அழுதிருக்கிறான். இவருக்கு அவன் பாஷை தெரியாது. அழுகை விளங்கியிருக்கிறது. மூன்றாம் தடவையும் போனார். அங்கே கிடந்தது அவனுடைய தம்பியின் மையத்து. செத்தவனுக்காக ஏன் நெருப்புக்குள் போனாய் என்று துரை கேட்டதற்கு, இவனுக்கும் அடக்க ஒரு கபுறு வேணுமே என்று மூத்தவாப்பா சொன்னாராம். அதை அப்படியே எழுதித்தான் பதக்கத்துக்குச் சிபாரிசு போயிருக்கிறது.

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்குக் கபுறு தேடிக் கொடுத்த மனிதர் அவர். அவருடைய சொந்தப் பிள்ளைக்கு இன்றுவரை ஒரு கபுறு இல்லை.

உதயரூபன் தலையை நிமிர்த்தவே இல்லை.

“இன்னொண்டும் இரிக்கு காக்கா,” என்றான்.

அது ஒரு படம். ராசாவின் தலை, மங்கிய நாடா, விளிம்பில் இங்கிலீஷில் ஆதம்பாவா என்ற பெயர். எங்கள் பதக்கம். இங்கிலாந்தில் ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். யாரோ வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பான். படத்தின் கீழே அது வந்த வழியும் எழுதியிருந்தது. தொண்ணூற்றி நாலில், கொழும்பில் ஒரு பழஞ்சாமான் கடையில் வாங்கியது.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். பதக்கம் மணலுக்குள் இல்லை. வாப்பாவை முழந்தாளில் இருத்துவதற்கு முன்னரோ சுட்ட பிறகோ ஒரு கை அவருடைய இடுப்புப் பட்டியை அவிழ்த்திருக்கிறது. பிறகு அந்தக் கையோ, அதனிடம் வாங்கிய இன்னொரு கையோ கொழும்புவரை கொண்டுபோய் விற்றிருக்கிறது. எத்தனை பேர் தடவிப் பார்த்து விலை பேசினார்களோ. வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்படியென்றால் உங்கள் வாப்பாவைத் தனியாகப் பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை, வருகிற எலும்புகளை எல்லோருக்குமாக ஒன்றாய் அடக்க வேண்டியதுதான் என்றார். இந்த மனிதர் ஒரேயொரு பொய் சொல்லக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

உம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தேன். மறைத்தால் கிடைச்சிட்டா மகன் என்று ஒவ்வொரு நாளும் கேட்பார், நான் ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல வேண்டும். அஸர் தொழுதுவிட்டு ஸாதியாவின் வீட்டுக்குப் போனேன். முதலில் மூத்தவாப்பாவின் கதையைச் சொன்னேன். உம்மா தலையாட்டிக்கொண்டு கேட்டார். மாமாவின் கை ஏன் வெந்த தோலாக இருந்தது என்று கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து தான் யோசித்ததாகச் சொன்னார். பிறகு படத்தைக் காட்டி, பதக்கம் கொழும்பில் விலைபோனதைச் சொன்னேன். கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“எப்ப வித்த?”

“தொண்ணூத்தி நாலில.”

உம்மா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

“தொண்ணூறில மவுத்தான மனிசன் தொண்ணூத்தி நாலில எப்பிடிப் பதக்கம் விப்பாரு? அவருதான் வித்திரிக்காரு. காசுக்கு முட்டுப்பட்டிரிப்பாரு.”

ஸாதியா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன்.

“உம்மா, கொண்டுபோனவனுகள் எடுத்து வித்திரிப்பானுகள்.”

“நீ கண்டியா?”

நான் காணவில்லை. ஊரில் யாரும் காணவில்லை. அது உம்மாவுக்குப் போதுமாக இருந்தது. வாப்பாவை எங்கேயோ பிடித்து வைத்திருந்து விட்டிருப்பார்கள், மூளை பிசகியிருக்கும், ஊர்ப் பெயர் மறந்திருக்கும் என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“உசிரோட இரிக்கிற மனிசன மணலுக்குள்ள தேடாத. கோட்டில போய் அவர்ட பேர எடுத்துப் போடச் சொல்லு.”

நீதிமன்றத்தின் அடுத்த தவணைக்கு நான் தனியாகப் போக விடவில்லை. தானும் வந்தார், பெட்டிக்குள் கிடந்த பூப்போட்ட சாரியை உடுத்திக்கொண்டு. இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழும்பி நின்றார். வாப்பாவின் பெயர் வந்தபோது நான் எழும்புமுன் உம்மா எழும்பிவிட்டார். அவரு மவுத்தாகல்ல என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. இல்லை, அவர் சொல்வது பிழை என்று சொல்ல நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன். என்னால் முடியவில்லை.

திரும்பி வருகையில் யன்னல் பக்கத்து ஆசனம்தான் வேண்டும் என்றார். அந்தக் கடற்கரைக்குத் திரும்புகிற சந்தியை பஸ் கடந்தபோதும் அவர் கடல் பக்கம் திரும்பவில்லை. வாப்பா இருந்தால் இப்போது எண்பதுக்குமேல் இருக்கும். வீதியோரம் நடந்த கிழவர்களில் ஒருவரைக்கூடத் தவறவிடாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே உம்மா வீடுவரை வந்தார்.