மூன்று வளைவுக்கட்டைகள்

ஜேமா அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, வில் வளைக்கிற கட்டையின் முதுகை ராவிக்கொண்டிருந்தாள். குமிழ மரம், நாலரை அடி நீளம், மூன்று விரல் கனம். சுவரோரம் பத்துக் கட்டைகள் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடந்தன. அவை சாய்பாசா ஊர் ஆசாரி செய்தவை. நல்ல வில் ஒன்றைப் பலகைமேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கோட்டின்மேலேயே அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போனார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் அனல் காட்டிய மூங்கிலை அவற்றில் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் கழித்து அவிழ்த்தால் வளைவு பாதி காணாமல் போயிருந்தது. வில்வித்தை பழக்குகிற பள்ளிக்கூடங்களுக்குப் போன அறுபது வில்லும் திரும்பி வந்துவிட்டன.

வளைத்த மூங்கில் விட்டதும் பின்வாங்கும். பட்டறையில் முழங்காலில் வைத்து வில் வளைக்கிற மூன்று பேருக்கும் அது தெரியும். அதனால் வேண்டியதற்கு மேலே கொஞ்சம் வளைத்துத்தான் விடுவார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறு வருஷம் மூங்கில் சீவிய ஜேமாவுக்குச் சொல்லத் தெரியும். நுனியில் இரண்டு விரல். மழைக்காலத்தில் வெட்டிய மூங்கிலென்றால் இரண்டரை.

இது கேதார் பாபுவின் காதுக்குப் போயிற்று. முதலாளி காதுக்குப் போகாத விஷயம் எந்தப் பட்டறையில் இருக்கிறது?

"மூணு கட்டை செஞ்சு குடு ஜேமா," என்றார். "ரெஜிஸ்டர்ல உம் பேரை ஏத்திடறேன். பேர் ஏறினா இன்சூரன்ஸ் கார்டு வந்துரும். துராமை ராஞ்சி பெரிய ஆஸ்பத்திரியிலயே சேத்துக்கலாம், காலணா செலவில்லாம."

போன மாதம் வந்த இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு தலைகளை எண்ணி, எல்லோருக்கும் கார்டு எடுத்தாக வேண்டும், இரண்டு மாதம் தவணை என்று எழுதிக் கொடுத்துப் போயிருந்தார். அதனால் பாபுவின் பேச்சு அவளுக்குப் பொய்யாகப் படவில்லை. அவள் புருஷன் துராம் கல் உடைக்கிற மில்லில் எட்டு வருஷம் பொடியைத் தின்றவன். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

மத்தியானம் பழையதும் வெங்காயமும் வைத்துக்கொண்டு எல்லோரும் மரத்தடிக்குப் போனபிறகு லாதுரா உள்ளே வந்தான். வில் வளைக்கிற மூவரில் ஒருவன். ஜேமாவின் கூடப்பிறந்த அண்ணன்.

"என்னடி தங்கச்சி, எங்களுக்குப் பாடை தயாராவுதா?"

"கட்டைதான்ணே செய்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். இது வந்துட்டா எங்க முழங்காலுக்கு என்ன வேலை? டப்பா கட்டுற பொண்ணுங்களே டியூபைச் சுத்திட்டுப் போயிரும்." குரலைத் தாழ்த்தினான். "ஆசாரி மாதிரி நீயும் கோட்டு மேலயே அறுத்துரு. எனக்கும் வரலை பாபுன்னு சொல்லிரு. யாருக்குத் தெரியும்?"

"உன் மச்சான் நேத்து ரத்தமா துப்பினாரு."

லாதுரா கட்டையைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "துராம் எப்பிடியும் போயிருவான்டி. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு."

சொல்லிவிட்டு அவனாலேயே தாங்க முடியாமல் வெளியே போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லையே என்பதுதான் ஜேமாவுக்கு ஆத்திரம். அரத்தை எடுத்து, சாயங்காலம்வரை ராவினாள். நுனியில் இரண்டு விரல். ஒரு மயிரளவும் குறையவில்லை.

மூன்று கட்டைகளும் முடிந்தன. முதல் வில்லை அவிழ்த்து மாதிரி வில்லின்மேல் பாபுவே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. "அடி கெட்டிக்காரி!" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். சனிக்கிழமை லாதுராவுக்கும் மற்ற இருவருக்கும் கணக்கு முடிந்தது. டப்பா கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கட்டைக்கு வந்தார்கள்.

லாதுரா முழங்காலில் கட்டுகிற தோல்துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அவளைக் கடந்து போனான். வாசலில் நின்று திரும்பினான்.

"கார்டு வந்ததும் கொண்டாந்து காட்டு. அதுல என்னதான் எழுதியிருக்குன்னு பாக்கணும்."

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். எண்ணினார், டீ குடித்தார், போய்விட்டார். அவர் ஜீப் திரும்பியதும் ஜேமா பாபுவின் அறை வாசலில் போய் நின்றாள். துராம் மூன்று நாளாகக் கஞ்சியும் இறங்காமல் கிடந்தான்.

"பாபு, அந்தக் கார்டு..."

"வா, வா." ரெஜிஸ்டரைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நாலாவது வரி. ஜேமா குன்டியா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேனா இல்லையா?"

"கார்டு, பாபு?"

"கார்டு இல்லைம்மா. பத்து ஆளுக்குக் குறைஞ்ச பட்டறைக்குக் கார்டு கிடையாது. சட்டம் அது, நானா போட்டேன்? இப்ப இங்க ஒன்பது பேர்தானே."

ஜேமா வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். "லாதுராவைக் கூப்பிடுங்க பாபு. அரைக்கூலிக்கு வருவான். என் கூலியில வேணா பிடிச்சுக்கோங்க. அவன் வந்தா பத்தாயிரும்."

பாபு சிரித்தார். கோபமே இல்லாத, வயிறு குலுங்குகிற சிரிப்பு.

"நீ கெட்டிக்காரி, உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? பத்தாகக் கூடாதுன்னுதானே கட்டையே செய்யச் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போ, போ. ஆர்டர் கூடியிருக்கு. இன்னும் ரெண்டு கட்டை வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவள் பட்டறைக்குள் வந்தாள். உலையருகே இரண்டு பேர் மூங்கிலுக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டைகளிடம் இரண்டு பெண்கள். நாண் முறுக்குகிறவர்கள் மூவர், மூங்கில் பிளக்கிறவன் ஒருவன். கதவருகிலிருந்து ஒவ்வொருவராக எண்ணினாள். எட்டு வந்தது. தன்னை விட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்தத் தடவை பத்து வந்துவிடாதா என்று நெஞ்சில் விரலை வைத்து, ஒன்று என்று முதலிலிருந்து தொடங்கினாள்.