லைனுக்கு ஒரே டோக்கன்

எல்லம்மா அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கார்மெண்ட்ஸில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. பிரஷர் எகிறிக் கிடக்கிறது, தினமும் காலையில் மாத்திரை போடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவாள்.

அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். எங்கள் தையல் மெஷின் வரிசைக்கே, லைன் என்போம், பாத்ரூம் போக ஒரே டோக்கன், சூப்பர்வைசர் மேஜையில். இரண்டாம் தடவை போய் நின்றால், "ஏனம்மா, மத்தே?" என்று கன்னடத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவான். மறுபடியுமா என்று அர்த்தம். அயர்ன் பண்ணுகிற ஆட்கள் சிரிப்பார்கள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. உயிரு பெருசா, மானம் பெருசா?" என்று சண்டை போட்டேன்.

"உனக்கு வாய் இருக்கு மகா, பொழச்சுக்குவ. எனக்கு மானந்தான்டி பெருசு."

"டாக்டர்கிட்டயாவது சொல்லுக்கா."

"ஆம்பள டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிடி சொல்றது? எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோக்கனை இனி நான் வாங்குகிறேன், போவது நீ என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் அடுத்த லைன் பக்கம் திரும்பியதும் அவள் போய்வருவாள்.

"என்ன மகா, உனக்கு சுகரா?" என்று சூப்பர்வைசர் நக்கலடித்தான்.

"ஆமா சார், உங்களப் பாத்தாலே ஏறுது."

அக்கா துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போனது. தலைவலி விட்டது என்றாள்.

போன வாரம் ஆனேக்கலில் என் தங்கை கல்யாணம். லீவு போடும்போது, "நான் வர்ற வரைக்கும் மாத்திரைய விட்டுடாதக்கா, பக்கத்துல யாரையாச்சும் டோக்கன் வாங்கச் சொல்லு" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாள். யாரிடமும் கேட்கக் கூசி, மாத்திரையை விட்டுவிட்டாள். தாலி கட்டி முடிந்த கையோடு போன் வந்தது. மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம்.

பட்டுப் புடவையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குள் அக்கா போய்விட்டாள்.

அவள் புருஷன் அசோகன் அண்ணன் அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "தெனமும் மாத்திரை போட்டாளே மேடம்? டிபன் பையில நானே வச்சு அனுப்புவேனே?"

என்னால் தாங்க முடியவில்லை. "போடலண்ணா! போட்டா ஒண்ணுக்கு வருது. அங்க போக விடமாட்டானுங்க, அசிங்கப்படுத்துவானுங்க. அதான் போடல!" என்று கத்தினேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அவள் பொத்திப் பொத்தி வைத்ததை நான் இப்படிக் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "அப்படி வராத மாத்திரையும் இருக்கும்மா. சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்களே."

"மாத்தலாம்னு எங்களுக்கு யாரு மேடம் சொன்னா?"

அசோகன் அண்ணன் அக்கா கிடந்த ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இதுக்காடி செத்த?" என்று அவளைக் கேட்டார். "எல்லம்மா, இதுக்கா?"