கோரைத்திட்டின் முடிவு வருஷம்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் அந்த மின்நூலகத்தில், புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ‘காலம்’ என்ற கட்டத்தில் படம் எடுத்த தேதியைப் போட்டுவிடுவார்கள். ‘இடம்’ என்ற கட்டத்தில் ஸ்டூடியோ இருக்கிற ஊரைப் போட்டுவிடுவார்கள். பக்கத்து மேஜை செம்பியன் முதல் மாதம் முழுக்க எது வந்தாலும் சிதம்பரம் என்றே போட்டுத் தள்ளினான். பிச்சாவரத்துப் படகும் சிதம்பரம், கம்மாபுரத்து ஏரும் சிதம்பரம். அனுப்பிரியாதான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்தினாள்.

"நேத்து எழுதுன புத்தகம் சோழர் காலத்தப் பத்திப் பேசுனா, காலம்ங்கற எடத்துல சோழர் காலம்தான்டா வரணும். எப்ப செஞ்சதுங்கறது வேற, எதப் பத்திங்கறது வேற."

அந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. இருக்கிற ஊர் என்றால் தொடக்க வருஷம் மட்டும் போட்டு, முடிவு வருஷத்தைக் காலியாக விட வேண்டும். காலி என்றால் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். இல்லாமல் போன ஊர் என்றால் முடிவையும் போட்டு மூட வேண்டும். அலுவலகத்தில் எல்லாரும் அதை ‘மூடுறது’ என்றே சொல்வார்கள். எத்தனையோ ஊர்களை மூடிய கை அவளுடையது. ஏரிக்குள் போன ஊர், சுரங்கத்துக்குள் போன ஊர் எல்லாவற்றையும் டீ குடித்துக்கொண்டே மூடியிருக்கிறாள்.

அந்த வாரம் அவள் மேஜைக்கு வந்தவை கோரைத்திட்டுப் படங்கள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஸ்டூடியோ வைத்திருந்த ஆரோக்கியராஜ் என்பவர் காலமான பிறகு, அவருடைய மருமகள் நெகட்டிவ் பெட்டிகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு பெட்டி முழுக்கக் கோரைத்திட்டு. பிச்சாவரத்துக் கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு மணல்திட்டு அது. மாதா கோயில் திருவிழா, கல்யாணம், படகின் மேல் ஏறி நின்று பல்லைக் காட்டும் பையன்கள் என்று படம் படமாக வந்தது. அனுப்பிரியா பிறந்த ஊரும் அதுதான்.

சுனாமி வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்காக அப்பா தேவசகாயம் அவளைக் கடலூரில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். அம்மா பொன்னி, ஆடு குட்டி போடப் போகிறது என்று திட்டிலேயே தங்கிவிட்டாள். அப்பாவும் மகளும் பிழைத்தார்கள். திட்டில் இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அன்று வெளியூரில் இருந்த நாலைந்து குடும்பங்களுக்கு அரசாங்கம் கரையில் காலனி கட்டிக் கொடுத்தது. எல்லாரும் அங்கே குடிபோனார்கள். தேவசகாயம் மட்டும் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் திட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு ஒண்டியாக உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது பெரிய சண்டை. "மூச்சு வாங்குது, கண்ணு சரியா தெரியல, இந்த மண்ணுல இன்னும் என்னப்பா இருக்கு? சிதம்பரத்துக்கு வந்து எங்கூட இரு" என்றாள். அவர் வழக்கம்போல வலையைப் பார்த்துக்கொண்டு, "ஊர வுட்டுட்டு எப்பிடி பாப்பா வர்றது" என்றார். இவளுக்குச் சுறுக்கென்றது. "அது ஊரே இல்லப்பா. செத்துப்போன ஊரு" என்று சொல்லிவிட்டுப் படகேறினாள். அவர் கொடுத்த நண்டைக்கூட மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினாள்.

அந்தக் கோபம் வியாழக்கிழமை வரைக்கும் ஆறவில்லை. மேலாளர் இளவரசு காலையிலேயே வந்து, சாயங்காலம் இந்தத் தொகுப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். அனுப்பிவிட்டால் பூட்டிவிடுவார்கள், பிறகு எவராலும் திருத்த முடியாது.

"கோரைத்திட்டுக்கு இன்னும் காலமே போடலியேம்மா?" என்றார்.

"அங்க ஒருத்தர் இருக்காரு சார்."

"ஒருத்தர் இருந்தா ஊராயிடுமா? ரெவின்யூ பட்டியல்ல இல்ல, ஓட்டர் லிஸ்ட்ல இல்ல. மூடிடுங்க."

அவர் சொன்னது விதிப்படி சரி. அதைவிட, அப்பாவிடம் வாயால் சொல்லி ஜெயிக்க முடியாததை எழுதியாவது ஜெயிக்கலாம் என்று அவளுக்குள் ஒரு வீம்பு. எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தாள். இடம், கோரைத்திட்டு. காலம், 1968 முதல் 2004 வரை. அடித்து சேவ் பண்ணியதும் திருப்தியாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் அப்பா. ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று போனை எடுத்து ‘அப்பா’ என்று தேடினாள். அப்படி ஒரு பெயரே வரவில்லை. கை தவறி அழித்திருப்போம் என்று நினைத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அடித்தாள். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றது.

"செம்பியா, எங்கப்பா நம்பர் ஒங்கிட்ட இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சங்கடம்தான் தெரிந்தது. "என்ன அனு, ஒடம்பு சரியில்லியா? ஒங்கப்பாவும் அம்மாவும் சுனாமியிலயே போயிட்டாங்கன்னு நீதான சொன்ன?"

"வெளையாடாத. திங்கக்கிழம நண்டுக் கொழம்ப நக்கி நக்கித் தின்னியே, யாரு குடுத்த நண்டு அது?"

"ஒங்க அத்தை கடலூர்ல வாங்கினதுன்னு சொன்ன."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும், அது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் குடிசை வாசலில் நிற்கவைத்து எடுத்த படம் போனில் இருந்தது. திறந்து பார்த்தாள். மணல் இருந்தது, பின்னால் கடல் இருந்தது. குடிசை இல்லை, அப்பா இல்லை. எடுத்தவளின் நிழல் மட்டும் மணலில் நீளமாக விழுந்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் கிள்ளை பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸில் கூட்டம், கல்லூரிப் பிள்ளைகளின் சிரிப்பு, டிரைவர் போட்ட பாட்டு. உலகம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பிச்சாவரத்துப் படகுத்துறையில் காத்தவராயன் இருந்தார். வாராவாரம் அவளைத் திட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறவர். அப்பாவின் போனைத் தன் வீட்டில் சார்ஜ் போட்டுக் கொடுப்பவரும் அவர்தான். இப்போது அவளை வெளியூர்க்காரியைப் போல் பார்த்தார்.

"கோரத்திட்டா? அங்க எதுக்கும்மா? யாரும் போறதில்லியே."

"அப்பாவப் பாக்கணும் மாமா."

"எந்த அப்பா?"

"தேவசகாயம்."

பெயரைக் கேட்டதும் அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தேவசகாயத்தோட பொண்ணா நீ? அடப்பாவமே. அவன் ஒன்ன கடலூர்ல வுட்டுட்டு ராவோட ராவா திரும்பி வந்துட்டாம்மா, பொண்டாட்டி ஒண்டியா இருக்கான்னு. நான்தான் திட்டுல எறக்கி வுட்டேன். விடிஞ்சா அல வந்துடுச்சு."

அப்பா அன்று ராத்திரி கடலூரில் தூங்கினார். அவள் அவர் கையில் தலை வைத்துத் தூங்கினாள். அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காத்தவராயன் மனசில்லாமல்தான் படகை எடுத்தார். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வளைந்து வளைந்து போனது. நல்ல வெயில். ஆனால் திட்டு நெருங்க நெருங்க நாரை, கொக்கு எதுவும் கண்ணில் படவில்லை. திட்டில் இறங்கினாள். குடிசை இருந்த இடத்தில் தாழம்புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நாலு நாளில் முளைத்த புதர் இல்லை அது. அடித்தூர் அவள் இடுப்பளவு பருத்திருந்தது. போன வாரம் அவள் கால் கழுவிய அடிபம்பு இல்லை. "அப்பா" என்று கத்தினாள். எதிரொலிக்கக்கூட அங்கே ஒன்றுமில்லை.

திரும்பும்போதுதான் அதைவிட மோசமானது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை நினைத்துப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? அத்தை. இல்லை, அப்பா. அத்தை ஏன் வலை பின்னுகிறாள்? அத்தை கூடையல்லவா பின்னுவாள்? கண்ணை மூடித் திறப்பதற்குள் வலை கூடையாகிவிட்டிருந்தது. பத்து வயதில் தன் முதல் நற்கருணைச் சடங்குக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர் அப்பா. இப்போது அந்த நினைப்பில் அவர் நின்ற இடம் வெறும் கோயில் சுவர். யாரோ அவளுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவள் செம்பியனின் தப்புகளைத் திருத்திய அதே அக்கறையோடு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தேடி வந்ததே மறந்துபோகும் என்று அவளுக்குப் புரிந்தது. பஸ்ஸில் சிதம்பரம் வரைக்கும் உதடு காயக் காய "தேவசகாயம், தேவசகாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், இவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

படியேறி மேஜைக்கு வந்தாள். எதைத் திருத்த வந்தோம் என்று ஒரு நிமிஷம் பிடிபடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோரைத்திட்டுத் தொகுப்பைத் திறந்தாள். ஊர் 2004இல் முடிந்தது, அதற்குப் பின் அங்கே ஒரே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று எழுத வேண்டும். அதற்குக் கட்டமில்லை. தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, அவ்வளவுதான். ஓர் ஊர் பாதி மூடிக் கிடப்பதைச் சொல்ல அதில் வழியே இல்லை. அவள் 2004ஐ அழித்தாள். ஊர் இன்னும் நடக்கிறது என்று காலியாக விட்டு சேவ் பண்ணினாள்.

போன் அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, எங்கப்பா போயிட்ட? நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் பாப்பா." குரல் அவருடையதுதான். ஆனால் அடக்கிப் பேசினார், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல. அவர் பின்னால் ஒரே சத்தம். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். ஆடு ஒன்று விடாமல் கத்தியது. அதற்கெல்லாம் மேலே மாதா கோயில் மணி அடித்தது. அந்தக் கோயிலை அலை கொண்டுபோய் இருபது வருஷமாகிறது.

"என்னப்பா சத்தம் அது?"

"எல்லாரும் வந்துட்டாங்க பாப்பா. ஊரே வந்துடுச்சு. ராசம்மா வூட்டுல, அந்தோணி வூட்டுல, எல்லா வூட்டுலயும் அடுப்பு எரியுது." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஒங்கம்மா இங்கதான் ஆட்டுக்குத் தழை போட்டுகினு இருக்கா."

"அம்மாகிட்ட குடுப்பா" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

போன் கை மாறும் சத்தம். "இத எப்பிடிப் புடிக்கறது?" என்று ஒரு பெண் சிரித்தாள். பிறகு, "யாருங்க பேசறது?"

இருபது வருஷமாக ஞாபகத்தில் தேடியும் கிடைக்காத குரல். இப்போது கேட்டதும் ஒரு கணம்கூடத் தயங்காமல் தெரிந்தது. எவ்வளவு சின்னப் பெண்ணின் குரல் அது. அம்மாவுக்குத் தன் வயதுதான் இருக்கும் என்று அப்போதுதான் அனுப்பிரியாவுக்கு உறைத்தது.

"நான் அனும்மா" என்றாள்.

"அனுவா? எம்பொண்ணு பேருகூட அனுதாங்க." பொன்னிக்கு ஒரே சந்தோஷம். "அவ கடலூருக்கு அவ அத்த வூட்டுக்குப் போயிருக்கா. கிறிஸ்மஸு முடிஞ்சதும் வந்துடுவா. ஆடு குட்டி போடப்போவுதுன்னு சொன்னா ஓடியாந்துடுவா. நீங்க அவள எங்கனா பாத்தீங்களா?"

அனுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள், பதிலுக்கு.

"பாத்தேன். நல்லாருக்கா. சீக்கிரம் வந்துடுவா" என்றாள்.

"சாப்புட்டாளா?"

"சாப்புட்டா."

போன் மறுபடி அப்பாவிடம் போனது. அவர் கொஞ்சம் தள்ளி நடந்து வந்திருக்க வேண்டும், அலைச் சத்தம் கேட்டது. "நீ இங்க வராத பாப்பா" என்றார். "நான் கெழவனானது அவ கண்ணுல படல. ஆனா நீ இம்மாம் பெரியவளா வந்து நின்னா அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபூடும். அவளுக்கு மட்டுமில்ல, இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும்."

"அப்ப நீயும் வர மாட்டியா?"

"நான் இவுங்ககூட இருக்கேன். இத்தன வருசமா இதுக்குத்தான உக்காந்திருந்தேன்."

லைன் கட்டாயிற்று. கடைசியாகக் கேட்டது ஆட்டின் சத்தம்தான். அவள் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். அந்தக் காலிக் கட்டத்தில் 2004 என்று நாலு எண்ணைத் தட்டினால் போதும், அந்த மணிச் சத்தம், அடுப்புகள், ஆடு, அம்மா எல்லாம் மறுபடி மணலாகிவிடும். அப்பாவும் அதோடு போய்விடுவார். அவளுக்கும் வலி எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் ஞாபகமே மிஞ்சாது. தட்டாவிட்டால் எல்லாரும் இருப்பார்கள். அவள் மட்டும் இனி அந்தப் படகில் ஏற முடியாது.

இளவரசு பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, முடிவு காலியா இருக்கே? அனுப்பப் போறேன். போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார்" என்றாள் அனுப்பிரியா. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "அங்க ஆளுங்க இருக்காங்க. அப்பிடியே அனுப்பிடுங்க."