வண்டிக்கா, தம்பிக்கா

நன்றாக ஓடுகிற வண்டியில் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பல்வலி என்று டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வலி ஓடிப்போகும் பாருங்கள், அந்தப் பழைய ஜீப்பும் அப்படித்தான். என் பட்டறைக்குள் நுழைந்தால் பரம சாதுவாகிவிடும். மலைப்பாதையில், கடைசி வளைவில் ஏறும்போது மட்டும் இன்ஜின், விளக்கு, வைப்பர் எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போகும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

இதெல்லாம் என் தம்பி சொல்வது. அதன் டிரைவர் அவன். மேலே இருக்கிற வீடுகளுக்கு அந்த ஜீப்பை விட்டால் வேறு வண்டி ஏறாது. போன வாரம் நிறைமாதக்காரி ஒருத்தியைக் கூட்டிவரப் போய், அவளுடைய ஆட்களோடு ஏறும்போது, வண்டி பின்னால் உருண்டு பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் இறங்கி வந்தவர்கள் சொன்னது வேறு. "டிரைவர் கை சாவியிலதான் இருந்துச்சு. ஆளு உறைஞ்சுபோய் உட்கார்ந்திருந்தாரு."

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அது நின்றுபோய், மாத்திரையையும் டாக்டரே நிறுத்திவிட்டார். ஊர் வாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

ஜீப்பின் முதலாளி என் பட்டறை வாசலில் நின்று நேராகவே கேட்டார். "உன் தம்பிங்கிறதுக்காக வளைச்சுப் பேசாதம்மா. வண்டியில கோளாறுன்னா எனக்குக் காட்டு. இல்லேன்னா கோளாறு அவன்கிட்ட. நாளைக்கு சாயங்காலம் வேற ஆள் வர்றான்."

"காட்டுறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வந்து வந்து போகிற கோளாறுக்கு என்னிடம் ஒரே சட்டம்தான். கண்ணால் பார்க்கும்வரை எதையும் கழற்றாதே. தொட்டால் அது சரியாகிவிடும், சரியாகிவிட்டால் பிடிபடாது. அதனால் டேஷ்போர்டில் இரண்டு சின்ன பல்புகளைக் கட்டினேன். சாவி போடுகிற சுவிட்சுக்குள் போகும் ஒயரில் ஒன்று, அதிலிருந்து வெளியே வரும் ஒயரில் ஒன்று. வண்டி சாகும்போது எந்த பல்பு அணைகிறதோ அதற்கு முன்னால் திருடன் இருக்கிறான். மணல் மூட்டைகளை ஏற்றி, பட்டறை ஆணியில் தொங்கிய மாற்றுச்சாவியைப் போட்டு அந்த வளைவில் நானே ஏறினேன். இறங்கினேன். திரும்பவும் ஏறினேன். இரண்டு பல்பும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எரிந்தன. பேட்டரி, எர்த், ஃபியூஸ் எதிலும் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மத்தியானமும் ஆகிவிட்டது. அப்படியென்றால் தம்பிக்குத்தானா?

அப்போது நான் செய்தது இது. ஒரு துண்டு ஒயரை எடுத்து, பற்றவைக்கிற கம்பியால் மேல்தோலைக் கருக்கினேன். இதைக் காட்டி, இதுதான் சார் கோளாறு, மாத்திட்டேன் என்றால் முதலாளி நம்புவார். தம்பி வேலை நிலைக்கும். கருகிய நாற்றம் மூக்கில் ஏறியபோது அந்த நிறைமாதக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அடுத்த தடவை பாறை இல்லாத இடத்தில் உருண்டால்? ச்சீ என்று ஒயரைக் குப்பையில் வீசினேன்.

பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ.

"கிடைக்கலியா?"

"கிடைக்கும்."

"அக்கா, எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான். "அது நிக்கிற நேரத்துல நான் முழிச்சிருந்தேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு, எது நிஜம்னே தெரியல."

"வாயை மூடு. ஏறு வண்டியில."

அவன் ஓட்டும் பக்கம் போனான். நான் முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். "நீ பல்பைப் பாரு. நான் ஓட்டுறேன்." அவன் சுற்றி வந்து பக்கத்தில் ஏறி, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவனே செருகினான்.

வளைவு வந்தது. பின்னால் மணல் மூட்டைகள், கீழே உருளைக்கல். வலது பக்கம் பள்ளம். உண்மையைச் சொல்கிறேன், பாதையில் ஒரு கண்தான் வைத்திருந்தேன். இன்னொன்று அவன் மேல். விரல் இழுக்கிறதா, வாய் கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் ஒரு கல்லில் ஏறி விழுந்தது. இன்னொரு கல்.

சத்தம் நின்றது.

இன்ஜின் இல்லை. வண்டி ஒரு கணம் அப்படியே நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். ஈரக்கல்லில் டயர் சறுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. எந்த வண்டியிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

"பிரேக்கை விடாத. ஸ்டியரிங்கை உள்பக்கம் ஒடி" என்றான் தம்பி. கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான். "இன்னும் ஒடி. அவ்வளவுதான்." பின்சக்கரம் மலைப்பக்கத்து மண்ணில் புதைந்தது. வண்டி நின்றது. "முதல் கியர்ல போட்டு வை. சாவியைத் தொடாத. வெளிய வர்ற பல்புதான் அணைஞ்சிருக்கு. உள்ள போறது எரியுது."

அவன் குரலில் பதற்றமே இல்லை. தெளிவாக, முழித்துக்கொண்டு இருந்தான். உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அப்போதுதான் சாவியைப் பார்த்தேன். அது தனியாக இல்லை. பழைய பூட்டு, கதவுச்சாவிகள், ஒரு கனத்த வளையம் என்று எல்லாம் இரும்பில் ஒரு கொத்து, சுவிட்சிலிருந்து தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கொத்தை ஒரு விரலால் தூக்கினேன். அணைந்திருந்த பல்பு எரிந்தது. விட்டேன். அணைந்தது. தேய்ந்துபோன சுவிட்ச், கல்லில் குதிக்கும்போதெல்லாம் அந்தக் கனத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. என் மாற்றுச்சாவியில் அந்தக் கனம் இல்லை.

"இந்த எழவை யாருடா கோத்தது?"

"அம்மா. இந்த வேலையில சேர்ந்த அன்னிக்கு. இரும்பு கூடவே இருந்தா வலிப்பு அண்டாதாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீரும் வந்தது. "கிடைச்சுது தம்பி. கையும் களவுமா மாட்டிக்கிச்சு. உனக்கு ஒண்ணும் இல்லடா, வண்டிக்குத்தான்" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். முதலாளி வரட்டும், விரலால் தூக்கித் தூக்கிக் காட்டுகிறேன், பார்க்கட்டும்.

அவன் சிரிக்கவில்லை.

"பல்பை நீ ஓட்டிக்கிட்டே பார்த்திருக்கலாமே" என்றான். "நேத்து முழுக்க அப்படித்தான பார்த்த. இன்னிக்கு மட்டும் என்னை ஏன் இந்தப் பக்கம் உட்கார வச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பயமா இருந்துச்சுடா."

"எனக்கும்தான் இருந்துச்சு. நீயாவது நம்புறேன்னு நெனச்சேன்."

அவன் இறங்கி என் பக்கம் வந்து நின்றான். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். வண்டிச்சாவியை வளையத்திலிருந்து நெம்பிக் கழற்றி, அதை மட்டும் செருகினான். மிச்சக் கொத்தை என் மடியில் வைத்தான்.

"நீயே வச்சுக்க. எனக்கு வேண்டாம்."

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. வண்டியை நிதானமாகத் திருப்பி இறக்கினான். பட்டறை வரும்வரை நான் அவன் பக்கம் திரும்பவில்லை.