றோட்டை எட்டாத வயர்

அந்த வருடம் அரசாங்கம் எங்கள் ஊருக்கு ஓர் இணைய நிலையம் தந்தது. நான்கு கம்பியூட்டர், ஒரு கமரா, கூரையில் ஓர் அன்ரனா. அதுவரை ஒரு மெயில் பார்க்கவும் சோதனைச் சாவடிகள் தாண்டி மட்டக்களப்புக்குப் போகவேண்டும். நான் பட்டதாரி. மனைவி இறந்தபின் வேலை தேடவில்லை. பொறுப்பைத் தந்தார்கள், எடுத்துக்கொண்டேன்.

அன்ரனா வாவிக்கு மேலாகப் பட்டணத்துத் தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு வாய்ப்பான ஒரே இடம் வாசிகசாலை. அது தென்சேரியில் இருந்தது. இதிலுள்ள சிக்கல் வைகாசிவரை யாருக்கும் தெரியவில்லை.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்பு இழுக்கும். வளைந்த மரக் கொம்புகள் இரண்டைக் கோத்து, வடம் கட்டி, வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம். கொம்பு முறிந்த சேரி தோற்றது. தகப்பனின் சேரிதான் பிள்ளையின் சேரி. ஆட்டம் முடியும்வரை மறு சேரிப் படலைக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

ஆச்சிப்பிள்ளை வடசேரி. அவள் புருஷன் நல்லரத்தினம் தென்சேரி, கட்டாரில் வேலை. மகன் பிறந்தது அவன் போனபின். அவன் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. சடங்குக்கிடையில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை கமராவில் காட்ட ஏற்பாடு. அதை விட்டால், அவனைப் பாலைவன முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இணையம் இல்லை.

அவள் பிள்ளையோடு வந்து றோட்டில் நின்றாள்.

"உள்ள வாங்க," என்றேன்.

"வரமாட்டன் அண்ணன். அந்தா, கோணாமலை மாமா பாத்துக்கொண்டு நிக்கிறார்."

வடசேரித் தலைவர் கோணாமலை எதிர்வேலியில் சாய்ந்திருந்தார். "உள்ள காலை வைச்சுப் பார் புள்ள. நாளைக்கு நம்மட கொம்பு முறிஞ்சா உன்னத்தான் கேப்பன்."

"நீங்க இழுக்கிற இழுவைக்குக் கொம்பு எங்க மாமா முறியப்போகுது?"

கமராவை யன்னலுக்குக் கொண்டுபோனேன். வயர் எட்டவில்லை. அதற்குள் நல்லரத்தினம் திரையில் வந்துவிட்டான். சவரம் செய்து, புதுச் சேர்ட் போட்டிருந்தான்.

"எங்க அவ?"

"றோட்டில."

"நம்மட சேரிக்குள்ள வரப் பயமாக்கும்."

"கேக்குது," என்று றோட்டிலிருந்து கத்தினாள் ஆச்சிப்பிள்ளை. "போன வருசம் முறிஞ்சது ஆர்ர கொம்பு எண்டு கேளுங்க அண்ணன்."

கோணாமலை தாடையைச் சொறிந்தபடி என்னைப் பார்த்தார். "தம்பி, புள்ள ஆர்ர சேரி?"

"தகப்பன்ட சேரி."

"அப்ப அவனுக்கு என்ன தடை? நீ தூக்கிக்கொண்டு போவன்."

எனக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமில்லை. பழக வேண்டி வரவில்லை. அவள் வாசிகசாலை வேலிக்கு மேலால் நீட்டினாள், வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தான். என் கொலரைப் பிடித்துக்கொண்டான்.

திரைக்கு முன் இருந்தோம். நல்லரத்தினம் அசையவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவன் கண் இமைத்தது.

"மூக்கு ஆர்ர மூக்கெண்டு பாருங்க," என்றாள் றோட்டிலிருந்து.

"என்ட," என்றான் மெதுவாக. அதை யன்னலால் எடுத்துச் சொன்னேன்.

"பொய். அது வடசேரி மூக்கு," என்றார் கோணாமலை.

நேரம் முடிந்தது. வேலிக்குப் போய்ப் பிள்ளையை நீட்டினேன். அவன் கொலரை விடவில்லை. ஆச்சிப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை. கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.

பின்னேரம் அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். வடசேரிக்கும் ஒரு நிலையம் வேண்டும். அதுவரை, றோட்டை எட்டக்கூடிய வயர் ஒன்று.