சவாரி வண்டியும் பார வண்டியும்

செங்கோட்டையக் கவுண்டர் இறந்து சில மாதங்கள் சென்றபின், அவருடைய ஜப்பான் வண்டி தகரம் வேய்ந்த வண்டிச்சாளையில் அசையாது நின்றது. சாவி மூத்த மகன் குழந்தைவேலின் இடுப்பில் இருந்தது. இயந்திரத்தினுள் சுழலும் சிறு ரோட்டரைக் கழற்றி இளைய மகன் வீரபாகு தன் சட்டைப்பையில் வைத்திருந்தான். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை. ஒரே களத்தின் இருபுறமும் குடியிருந்த அவ்விரு குடும்பத்தாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

பிணக்குக்குக் காரணம் ஒரு பழைய வாய்பாடு. பாகம் பிரித்த அன்று, தாய்மாமன் சின்னண்ணன் அவ்வட்டாரத்து வழக்கப்படியே, "சவாரி வண்டி மூத்தவனுக்கு, பார வண்டி இளையவனுக்கு" என்று கூறிவிட்டார். ஆட்கள் ஏறிச் செல்ல ஒரு மாட்டுவண்டியும் சுமை ஏற்ற ஒரு மாட்டுவண்டியும் வீடுதோறும் நின்ற காலத்துப் பேச்சு அது. கூடியிருந்தோர் பழக்கத்தால் தலையசைத்தனர். மாட்டுவண்டிகள் போய்ப் பல்லாண்டு ஆயின என்பதும், அவ்வீட்டில் உள்ளது ஒரே வண்டி என்பதும் வெற்றிலை மாற்றிய பின்னரே அவர்களுக்கு நினைவுக்கு வந்தன.

அவ்வொரு வண்டியோ இரண்டுமாக இருந்தது. 1974-இல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து கவுண்டர் அதை வாங்கினார். முன்புறம் கார், பின்புறம் நீண்ட பெட்டி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு. ஜப்பானில் ஒரே உடலை இல்லறத்தாருக்கு ஒரு பெயராலும் வணிகருக்கு மற்றொரு பெயராலும் விற்றனராம். பின்னிருக்கையை நிமிர்த்தினால் சவாரி, மடக்கினால் சுமை. "இவ்வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், உதிரி உறுப்புக் கிடைக்காது" என்று விற்றவர் எச்சரித்ததைக் கவுண்டர் பொருட்படுத்தினாரல்லர். பின்கண்ணாடி உடைந்தபோது சங்ககிரியில் தகரம் வெட்டிப் பொருத்திக்கொண்டார். முகூர்த்த நாள்களில் உறவினரையும், மற்ற நாள்களில் முட்டைத் தட்டுகளையும் ஏற்றிச் சென்றார்.

இப்பொழுது அம்முட்டைகளே வீரபாகுவின் பிழைப்பு. பங்குனி வெயிலில் அவை தேங்கிக் கிடந்தன. பேருந்துக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். வரும் திங்கட்கிழமையும் முட்டை வாராவிடில் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்வதாகச் சேலத்து மண்டிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். வண்டி கிடைத்தாலன்றிக் கோழிப்பண்ணை நிலைக்காது.

ஞாயிறு காலை, தீர்த்துவைக்கச் சின்னண்ணன் மீண்டும் வந்தார்.

"சாவியக் குடுத்துப்போட்டாத்தான் என்னங்ணா?" என்றான் வீரபாகு.

"கோழிப்பீ அள்ளறதுக்கா எங்கய்யன் பிளசர் காரு வாங்குனாரு?" என்றான் குழந்தைவேல்.

"பிளசருங்களா? பின்னால தகரத்தப் பாருங்க. இதுல சம்பந்தி ஊட்டுக்குப் போனீங்கன்னா, மாட்டாசுபத்திரியிலிருந்து ஊசி போட வந்திருக்காங்கன்னு மாட்டப் புடிச்சுக் கட்டுவாங்க."

குழந்தைவேலின் மனைவி நல்லம்மாள் வாசலுக்கு வந்தாள். "முட்டைக்காரனுக்கு வாயப் பாரு. முட்டையாட்டமே நாறுது."

"முட்ட நாறுனது உங்க ஊட்டுச் சாவியாலதானுங்க அக்கா," என்று எதிர்வாசலிலிருந்து வீரபாகுவின் மனைவி சௌந்திரம் திருப்பிக் கொடுத்தாள்.

"நிறுத்துங்க சாமி," என்று சின்னண்ணன் கையை உயர்த்தினார். "நாஞ் சொன்ன சொல்ல நானே முடிச்சு வெக்கறன். உங்கய்யன் கடைசியா இந்த வண்டியில எப்புடி வந்தாரு? சவாரியா, பாரமா? அவரு எப்புடி வந்தாரோ, வண்டி அதுதான்."

நெஞ்சுவலி கண்ட கவுண்டர் சேலத்து மருத்துவமனைக்கு முன்னிருக்கையில் அமர்ந்தே சென்றார். திரும்பியது உடல். பின்னிருக்கையை மடக்கி, முட்டைத் தட்டுகளை ஒதுக்கி, அதைக் கிடத்தினர். வீரபாகு வண்டியை ஓட்டினான். குழந்தைவேல் தந்தையின் தலையை மடியில் ஏந்தி வந்தான்.

"சவாரிதானுங் மாமா," என்றான் குழந்தைவேல். "எம்மடியில தல வெச்சு வந்தாரு. அவரப் போயி பாரமின்னு எந்த வாயில சொல்றது?"

"நீ சொல்லு மாப்ள," என்று சின்னண்ணன் இளையவன் பக்கம் திரும்பினார். "நீயும் ஆமான்னா வண்டி அண்ணனுக்குத்தான்."

வீரபாகு கோழிக்கொட்டகையை நோக்கினான். அங்கே தட்டுகள் கூரையளவு அடுக்கப்பட்டிருந்தன. எத்துணைச் சினத்திலும் பெரியவர்களிடம் 'ங்க' இன்றி அவன் பேசியதில்லை.

"சீட்ட மடிச்சுப்போட்டுத்தான படுக்க வெச்சம்? உசுரு இல்ல. நாலு பேரு தூக்கி ஏத்துனம். பாரமாத்தான் வந்தாரு."

அவன் சொன்ன சொல்லும் கேட்டது. அவன் சொல்லாது விட்ட 'ங்க'வும் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்றா," என்றான் குழந்தைவேல்.

"பாரம்."

குழந்தைவேல் சாவியை அவிழ்த்து வண்டியின் கூரைமேல் வைத்தான். "எடுத்துக்கடா. எங்கய்யன எறக்கிப்போட்டுட்டு முட்டைய ஏத்து. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கெடையாது. உனக்கு ஒரு பாரம் கொறஞ்சுதுன்னு வெச்சுக்க."

தீர்ப்புச் சொன்ன சின்னண்ணன், கொடுத்த மோரைக் குடியாமலே எழுந்து போய்விட்டார்.

திங்களன்று முட்டைகள் சேலம் சேர்ந்தன. மண்டிக்காரர் மனம் நிறைந்தார். பண்ணை பிழைத்தது.

வைகாசியில் திருச்செங்கோட்டுக்குத் தேர் பார்க்கச் செல்லும் நாள் வந்தது. வீரபாகு வண்டியைக் கழுவி, பின்னிருக்கையை நிமிர்த்தி, சாலையில் கொண்டுவந்து நிறுத்தினான். சௌந்திரம் புதுச்சேலையுடன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏறு," என்றான்.

"நா எதுக்குங்க ஏறோணும்? பார வண்டின்னு நீங்கதான சொன்னீங்க. நா பாரமில்லீங்க."

"சீட்ட நிமுத்தியிருக்கறன், பாரு."

"அன்னைக்கு நிமுத்தியிருக்கோணும்."

பேருந்து வந்தது; சௌந்திரம் அதில் ஏறிக்கொண்டாள். உள்ளே சன்னலோரம் குழந்தைவேலும் அவனருகே நல்லம்மாளும் அமர்ந்திருந்தனர். அவன் தம்பியின் வண்டியைக் கண்டு முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டான். நல்லம்மாள் சற்றே நகர்ந்து சௌந்திரத்துக்கு இடம் விட்டாள்.

வீரபாகு வண்டியைத் திருப்பினான். வீடு சேர்ந்ததும் பின்னிருக்கையை மடக்கிவிட்டு, மறுநாளைய தட்டுகளை ஏற்றலானான்.