ரெண்டாவது சீடி

தபாலில் சினிமா சீடி அனுப்பும் கிளப்பில் சேருவது புத்திசாலித்தனமா, கிறுக்குத்தனமா என்று மேல்கணக்கு லயத்தின் வரிசை வீடுகளில் அபிப்பிராயம் சொல்லாத வாயே கிடையாது. சேர்ந்திருந்தது என்னவோ ஒரே ஒரு வீடுதான். நாகலெட்சுமியின் வீடு.

"தலவாக்கலை டவுன்ல ஷிஹாம் கடையில சீடி குமிஞ்சு கெடக்கு. இந்த மகாராணிக்குக் கொழும்புல இருந்துதான் வரணுமாம்," என்று பக்கத்துக் காம்பரா மீனம்மா, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துச் சொல்வாள். படம் வந்த அன்றைக்கு முதல் ஆளாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறவளும் அவள்தான்.

நாகலெட்சுமி குடத்தை நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டுவாள். புருஷன் மாயாண்டி போன மழையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் விழுந்தவன், வலப்பக்கம் இழுத்துப் படுக்கையோடு கிடந்தான். பேச்சிலும் முக்கால்வாசி போய்விட்டது. விடிந்ததும் கஞ்சி ஊட்டிவிட்டு அவள் கொழுந்தெடுக்கப் போனால், பொழுது சாயும்வரை அவனுக்குத் துணை கரி படிந்த சுவர்தான். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகள் பிரேமினிதான் அப்பாவைக் கிளப்பில் சேர்த்துவிட்டாள். ஷிஹாம் கடையில் கிடைப்பதெல்லாம் அடிதடி. மாயாண்டிக்கு வேண்டியது பழைய அழுகைப் படம். ஒரு சீடியைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும், அதுதான் கிளப்பின் முறை.

லயத்துக்கு ஏது தெருப்பெயர், வீட்டு நம்பர்? ஆள் பேர், அதன் கீழே தோட்டத்துப் பேர், அவ்வளவுதான் விலாசம். தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து தபால்காரர் செல்லசாமி கொண்டுவந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

"மாயாண்டி! மாப்பிள்ளைக்குக் கொழும்புல இருந்து சீர் வந்திருக்கு, யாராச்சும் வாங்கிக்கங்கப்பா!"

அப்படி வந்த படங்களில் ஒன்றுதான் வம்பாகப் போயிற்று. நீளமான படம், ரெண்டு சீடி. புதுப் பெண்டாட்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவன் லாரியில் ஏறுகிறான். "வந்துடுவேன்" என்று கையாட்டுகிறான். லாரி வளைவில் மறைகிறது. முதல் சீடி அத்தோடு சரி.

மறுநாளே நாகலெட்சுமி அதைத் திருப்பி அனுப்பினாள். ரெண்டாவது வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாயாண்டி டிவியைப் போடச் சைகை காட்டி, வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவள் வீட்டுக்குள் காலை வைத்ததும், கூடையை இறக்குவதற்குள் கேட்பான்.

"வந்தானா?"

அவன் வாயிலிருந்து முழுசாக வந்த ஒரே சொல் அது. லாரிக்காரனைத்தான் கேட்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

லயத்துச் சனம் சும்மா இருக்குமா? "வந்துட்டான் மாமா, கை நெறைய நகையோட வந்துட்டான்," என்றாள் எதிர்வீட்டுச் சுதர்ஷினி. "எங்க வர்றது? போன எடத்துல இன்னொருத்தியச் சேத்துக்கிட்டான்," என்றாள் மீனம்மா. ரெண்டு பேருமே அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர்களில்லை. மாயாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு பழி செல்லசாமி தலையில் விழுந்தது. அவர் வீட்டில் டிவிச் சத்தம் கேட்கிறது என்று ஒருத்தி சொல்ல, அவர் மாமியார் வீடுவரைக்கும் அந்தச் சீடி போய்வந்துவிட்டதாகப் பீலிக்கரை முடிவு கட்டியது. மனுசன் களத்திலேயே குமுறினார்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. ஆபீஸ்ல போய்க் கேளு!"

கேட்டாள். கிளாக்கர் ஐயா ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"மாயாண்டியா? அவரு பேரு செக்ரோல் பேரேட்டுல இல்லையே. வேலைக்கு வராத ஆளுன்னு இந்த மாசம் பேரை வெட்டியாச்சு. தோட்டத்துல பேர் இல்லாதவங்களுக்கு வர்றதைத் திருப்பிடுவோம்."

"என்னன்னு எழுதித் திருப்புனீங்க ஐயா?"

"என்னன்னு எழுதுறது? ஆள் இல்லைன்னுதான்."

"காலையில கஞ்சி ஊட்டிட்டுத்தானேங்க வந்தேன்!"

"செத்துட்டாருன்னா எழுதினேன்? ஆள் இல்லைன்னுதானே எழுதினேன்," என்றார் ஐயா. பெரிய மனசு.

பிரேமினி கிளப்போடு சண்டை போட்டாள். அவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஆள் இல்லை என்று திரும்பி வந்த பேரை மறுபடி சேர்க்க வேண்டுமென்றால், அந்த ஆளே போனில் வந்து தன் பேரைச் சொல்ல வேண்டும்.

லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் வளைவில்தான் போன் எடுக்கும். செல்லசாமியும் இன்னும் மூன்று பேரும் மாயாண்டியை நாற்காலியோடு தூக்கினார்கள். பின்னாலேயே லயம் முழுக்கத் தேருக்குப் போகிற மாதிரிக் கிளம்பியது. பனியும் தூறலுமாக இருந்தது. மீனம்மா குடை பிடித்தாள், பாதி தனக்கு.

நாகலெட்சுமி போனை அவன் காதில் வைத்தாள்.

"ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க," என்றது ஒரு பெண்பிள்ளைக் குரல்.

"மா… ஆ…" எச்சில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள்.

"கேக்கலைங்க ஐயா. முழுப்பேரு?"

மாயாண்டி கண்ணை மூடித் திறந்தான். பிறகு தெளிவாக, கோயில்வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"வந்தானா?"

"யாருங்க ஐயா?"

"வந்தானா?"

"யாரு வரணும்? ஹலோ? பேரைச் சொல்…"

சிக்னல் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. அது இருமல் என்று மீனம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

அன்றைக்கு ஏறிய குளிர் அவன் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், லாரிகள் திரும்புகிற ஒரு வளைவில் மாயாண்டி போய்ச் சேர்ந்தான். பேர் வெட்டிய ஆளாம், தோட்டத்துச் செலவில் சவப்பெட்டியும் கிடைக்கவில்லை. லயத்துச் சனம் சேர்ந்துதான் வாங்கியது. அதில் மீனம்மா பங்கும் உண்டு. சொல்லாமல் விட்டால் அவள் கோபித்துக்கொள்வாள்.

கருமாதி முடிந்து, நாகலெட்சுமி மறுபடி வேலைக்குப் போன பிறகுதான் ரெண்டாவது சீடி வந்தது. அப்பாவைக் கோயில் வளைவுக்குத் தூக்கிப்போன அன்றைக்கே, போன் வீணாய்ப் போன சேதி கேட்ட கையோடு, பிரேமினி அம்மா பேரில் புதிதாகப் பதிந்து அந்தச் சீடியையே கேட்டிருந்தாள். செல்லசாமி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கிட்டே வந்து கையில் வைத்துவிட்டு விலகிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகலெட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை காதுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

அவள் பாயில் சரியாக உட்காருவதற்கு முன்னாலேயே அதே வளைவில் லாரி வந்தது. அவன் குதித்து இறங்கினான். கையில் ஒரு பை தோடம்பழம். கடைக்குப் போய்வந்தவன் மாதிரிச் சிரித்தான். தேத்தண்ணிக்கு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. முதல் சீடியின் வாலில் ஒட்டிவைத்திருந்தால் யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்?

அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் மீனம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏன்டி நாகலெட்சுமி, சத்தமே கேக்கலையே. வந்தானா?"

"யாரு?"

"அதான்டி, லாரியில போனவன்."

நாகலெட்சுமி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி இறுக்கிக்கொண்டாள்.

"அப்படி ஒரு ஆள் இல்லையாம்," என்றாள்.